பள்ளித் திடலும் ஊர் நூலகமும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பொதுப் பயன்பாடு

பள்ளியின் விளையாட்டுத் திடல், பள்ளி நூலகம், ஊராட்சியின் படிப்பகம், மாநகராட்சியின் பூங்கா ஆகியவற்றை மாணவர்களும் ஊர்மக்களும் நேரம் பிரித்துப் பயன்படுத்திக்கொள்வதுதான் பொதுப் பயன்பாடு. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இதற்கு வேண்டிய நிலமும் கட்டடமும் பெரும்பாலான ஊர்களில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகக் கட்ட வேண்டியது குறைவு. மாலை ஐந்து மணிக்கு மேல் சாவி யாரிடம் இருக்கும், திடலை யார் கூட்டுவார்கள், குழாய் உடைந்தால் யார் மாற்றுவார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் விடை இல்லை. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசாணைகள் நிறைய வந்துவிட்டன; சாவிக்கு ஓர் ஏற்பாடு செய்த ஆணை அரிது.

இந்தச் சமவெளியின் வெயிலே பொதுப் பயன்பாட்டுக்கு முதல் நியாயம். சித்திரை, வைகாசியில் சேலத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடும், சில நாள் தாண்டும். வெட்டவெளியில் ஆடவோ நடக்கவோ தோதான நேரம், விடிந்ததிலிருந்து எட்டு மணி வரையும், மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரையும்தான். பள்ளி நடப்பதோ காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் மாலை நான்கு வரை. ஆக, திடலைப் பள்ளி பயன்படுத்தும் நேரமும் ஊர் பயன்படுத்த விரும்பும் நேரமும் மோதுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலாண்டு, அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை எல்லாவற்றையும் கூட்டினால், ஆண்டின் பெரும்பகுதி நேரம் அந்தத் திடல் பூட்டியே கிடக்கிறது.

படிப்பகத்துக்கு உள்ள நியாயம் இந்த வட்டாரத்தின் தொழிலிலிருந்து வருகிறது. சேலம் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகியவை விசைத்தறிப் பகுதிகள். பல வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே ஓடும். இல்லாவிட்டால் சுவரை ஒட்டிய பக்கத்துக் கொட்டகையில் ஓடும். இரவு ஷிப்டிலும் அந்தச் சத்தம் நிற்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த வீட்டில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் அம்மா கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் வீடுகளில் இட நெருக்கடி வேறு. ஒரே அறை பட்டறையாகவும் படுக்கையறையாகவும் மாறிக்கொண்டிருக்கும். இத்தகைய தெருக்களில் நூலகம் என்றால் புத்தகம் வாங்கும் இடம் என்பதைவிட, சத்தமில்லாமல் ஒரு மேசை கிடைக்கும் இடம் என்பதே பெரிது. மாவட்ட மைய நூலகங்களில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சொந்தப் புத்தகத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

பள்ளியும் நூலகமும் தமிழ்நாட்டில் எப்போதுமே தனித்தனிக் குடும்பமாக இருந்ததில்லை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948ல் இயற்றப்பட்டு 1950ல் நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப் பிந்திய இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் பல ஆண்டுகள் முயன்றதன் பயன் அது. கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் அதை நிறைவேற்றிக் கொடுத்தார். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைப்பது, வீட்டுவரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிப்பது என்ற இரண்டு ஏற்பாடுகளை அந்தச் சட்டம் செய்தது. இப்போது அந்த வரி ரூபாய்க்கு 10 காசு. ஆயிரம் ரூபாய் வீட்டுவரி கட்டுகிறவர் நூறு ரூபாயை நூலகத்துக்காகக் கூடுதலாகக் கட்டுகிறார். ரசீதில் அந்த வரி தனியாகவே அச்சாகியிருக்கும், கவனிப்பவர்கள் குறைவு. வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் பாக்கி வைப்பது பழைய கதை.

சட்டம் வந்த தொடக்க காலத்தில் நூலகத்துக்கெனத் தனித்துறை கிடையாது. பள்ளிக் கல்வியின் தலைவரே நூலகங்களுக்கும் இயக்குநர். நெ.து. சுந்தரவடிவேலு அப்படி இரண்டு பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் காலத்தில், 1958ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து மாநிலம் முழுக்க மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், ஓடு கொடுத்தார்கள், பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டின் பல சிற்றூர்ப் பள்ளிகளின் திடல் இருக்கும் நிலம், யாரோ ஒரு குடும்பம் அன்று எழுதிக் கொடுத்தது அல்லது ஊர்ப் பொது மந்தையாக இருந்தது. அந்த ஊர்க்காரரின் பேரன் இன்று அதே திடலுக்குள் போக மதில் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கிறது என்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும் ஊர்மக்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் நன்கொடை கேட்கிறது. கொடுக்கும்போது பள்ளி ஊருடையது. மாலையில் கதவு சாத்தியபின் துறையுடையது.

1972ல் பொது நூலகத் துறை கல்வித் துறையிலிருந்து தனியே பிரிந்தது. வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். நூலகங்கள் பெருகுவதற்கு அந்தப் பிரிவினை உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளியின் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் வேறொரு துறை என்ற நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது. பிறகு மூன்றாவதாக ஊரக வளர்ச்சித் துறையும் வந்து சேர்ந்தது. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் வீதம், மாநிலத்தின் 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு நூலகமும் ஒரு விளையாட்டுத் திடலும் அந்தத் திட்டத்தின் பணிகளில் இருந்தன. சேலம், நாமக்கல் மாவட்ட ஊர்களுக்குள் போகிறவர்கள் இன்றும் ஊராட்சி அலுவலகத்துக்கு அருகில் அந்தச் சிறிய நூலகக் கட்டடங்களைப் பார்க்கலாம்.

இவற்றை நடத்துவது ஊராட்சி. நூலகத் துறையின் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்ற வரிசையில் இவை சேராது. பொறுப்பாளருக்குக் கிடைத்தது சொற்ப மதிப்பூதியம். புதிய புத்தகம் வாங்க ஆண்டுதோறும் தொகை வரும் வழியும் இல்லை. முதல் தவணைப் புத்தகங்களோடு நின்றுபோனவை பல. சில கட்டடங்கள் ரேஷன் சாமான் வைக்கவும், தேர்தல் காலத்தில் வாக்குப்பெட்டி வைக்கவும், பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கவும் பயன்பட்டன. 2021க்குப் பிறகு அதே திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தபோது, இந்த நூலகங்களைப் பழுதுபார்ப்பதும் அதில் சேர்க்கப்பட்டது. கூரையும் வண்ணமும் புதிதாயின. ஆளைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒரு சராசரி ஊராட்சியை எடுத்துக்கொண்டால் நிலைமை துலங்கும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலைந்து பீரோ நிறையக் கதைப் புத்தகம் இருக்கும். 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகங்களோடு நூலகம் வேண்டும் என்கிறது. விளையாட்டுத் திடலும் வேண்டும் என்கிறது. இருநூறு மீட்டர் தள்ளி ஊராட்சி நூலகம், உள்ளே 2008ல் வந்த புத்தகங்கள். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகம், வாடகைக் கட்டடத்தில். மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒரே ஆளை உட்கார வைத்தால், காலை முதல் இரவு வரை ஒரு நல்ல நூலகம் அந்த ஊருக்குக் கிடைக்கும். மூன்றும் மூன்று துறையின் இருப்புப் பதிவேட்டில் இருப்பதால் அது நடப்பதில்லை. ஒரு துறையின் புத்தகம் வேறொரு துறையின் அலமாரியில் இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அச்சம் இதில் பெரிது. பள்ளி நூலகப் புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியர் பணம் கட்ட வேண்டிவரும் என்பதால், புத்தகம் பிள்ளைகள் கைக்கே போகாமல் பீரோவில் பத்திரமாக இருப்பதும் உண்டு. புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்று இரங்கநாதன் தம் நூலகவியல் விதிகளில் முதலாவதை 1931ல் வெளியிட்டது, ஏறத்தாழ இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான்.

அதே 1931ல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் கொண்டுபோனார். கட்டடம் இல்லாமலே நூலகம் நடந்ததற்கு அது சான்று. இன்றுள்ள நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் தொடர்ச்சிதான்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தனியார் சொத்து பொதுவுக்கு வந்த முன்னுதாரணங்களும் உண்டு. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நாமக்கல்லில் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகி, அங்கே நூலகமும் நடக்கிறது. சேலத்தின் விடுதலை இயக்கத் தலைவர் சி. விஜயராகவாச்சாரியார் 1944ல் மறைந்தபின், அவர் சேர்த்துவைத்த இதழ்களும் தாள்களும் அவர் பெயரிலான நினைவு நூலகத்தில் காக்கப்பட்டன. அதோடு ஒரு விரிவுரை மண்டபமும் சேர்ந்தது. படிக்க ஓர் இடம், பேச ஓர் இடம் என்று இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்த அந்த யோசனை, பிற்காலத்தில் கட்டப்பட்ட பல கிளை நூலகங்களுக்கு வாய்க்கவில்லை. வாசகர் வட்டக் கூட்டம் நடத்த நாற்காலியை ஒதுக்கி, நாளிதழ் படிக்கிறவரை எழுப்ப வேண்டியிருக்கிறது.

விளையாட்டைப் பொறுத்தவரை, இந்தச் சமவெளி தந்த இரண்டு பெயர்களே போதும். சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் டி. நடராஜன் இருபது வயதுவரை ஊர்ப்புறத் திடல்களில் டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதல்முறை ஆடினார். 2023 ஜூனில் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார். பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இருவருக்கும் முதலில் கிடைத்தது பெரிய ஸ்டேடியம் அல்ல. ஊருக்குள், நடந்துபோகும் தூரத்தில் ஒரு திறந்த வெளி.

அந்த வெளி மிகப் பெரிதாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். ஒரு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இரண்டும் அடங்கிவிடும். சேலம், நாமக்கல் ஊர்களில் மாரியம்மன் பண்டிகையை ஒட்டி நடக்கும் இரவுக் கபடிப் போட்டிகளுக்கு மண்ணைக் கொத்திச் சலித்து, தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு இளைஞர்களே ஒரே நாளில் களம் தயாரித்துவிடுகிறார்கள். 2024 தொடக்கத்தில் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கும் பந்து, மட்டை, வலை முதலியவை அடங்கிய தொகுப்புகள் கொடுக்க ஏற்பாடானது. அவற்றை வைத்து ஆடச் சமமான, முள் இல்லாத இடம் பல ஊர்களில் பள்ளித் திடல் ஒன்றுதான். தொகுப்பைக் கொடுக்கும்போதே திடலைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தால் பந்துக்கு வேலை கூடியிருக்கும்.

நகரத்தின் சிக்கல் வேறு வகை. சேலம் நகராட்சி 1866ல் அமைந்தது, 1994ல் மாநகராட்சியானது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். பெரிய திறந்தவெளிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மகாத்மா காந்தி ஸ்டேடியம் விளையாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. குடியரசு நாள், சுதந்திர நாள் கொடியேற்றமும் அங்கேதான் நடக்கும். நகரின் நடுவே உள்ள போஸ் மைதானம் ஆடிப் பண்டிகைக் காலத்துப் பொருட்காட்சிக்குப் பேர்போனது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்கு நிலையம் கட்டியபோது, தற்காலிகப் பேருந்து நிலையம் அந்த மைதானத்துக்குத்தான் போனது. புதிய நிலையம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. நகரில் எதற்கு இடம் வேண்டுமென்றாலும் முதலில் கைவைப்பது மைதானத்தில்தான். அதனால்தான் வார்டுக்குள் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிகளின் சிறு திடல்கள் முக்கியமாகின்றன. அஸ்தம்பட்டியில் நல்ல பூங்கா இருப்பது கிச்சிப்பாளையத்துப் பாட்டிக்கு உதவாது.

மாநகராட்சிப் பள்ளிக்கும் மாநகராட்சிப் பூங்காவுக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்பதால் நகரத்தில் பகிர்வு எளிதாக இருக்க வேண்டும். நகராட்சி நிர்வாகத் துறை கட்டிவரும் நூலகத்தோடு கூடிய அறிவுசார் மையங்களும் அதே உள்ளாட்சியின் கையில்தான் இருக்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கை சேலத்துக்கு ஒரு லட்சம் புத்தகங்களோடு பெரிய நூலகம் ஒன்றை அறிவித்தது. இத்தகைய மையங்கள் போட்டித் தேர்வு எழுதுவோருக்குப் பெருந்துணை. ஆனால் ஆறு வயதுக் குழந்தையும் எழுபது வயதுக்காரரும் தினமும் நடந்துபோகும் தூரத்தில் அவை இருக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பக்கூடியவை தெருமுனைப் பள்ளியும் கிளை நூலகமும்தான். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பள்ளிக்குச் சனி, ஞாயிறு விடுமுறை என்று நாள் மாறியிருப்பதுகூட இதற்குச் சாதகமே.

நாமக்கல் மாவட்டத்தின் தனியார் விடுதிப் பள்ளிகள் ஒரு தனி அத்தியாயம். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் உயர்ந்த மதில்களுக்குள் பல ஏக்கரில் அவை நிற்கின்றன. கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் பிராய்லர் பள்ளிகள் என்று மாநிலம் முழுக்கக் கேலிப் பெயர் பெற்றவை. பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்காக வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படித்தார்கள். பிறகு நீட் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. சில வளாகங்களில் உள்ள மைதானம் மாவட்டத் தலைநகர் மைதானத்துக்கு ஈடானது. உள்ளே இருக்கும் பிள்ளைகளே அதில் ஆட நேரம் கிடைப்பது அரிது என்பது தனிக் கதை. இவற்றைப் பொதுவுக்குத் திறக்கச் சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் இப்பள்ளிகளை நடத்துவன லாபநோக்கற்ற அறக்கட்டளைகள் என்பதால், கோடை விடுமுறையில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு மைதானத்தைக் கேட்பதில் தவறில்லை.

அரசுப் பள்ளிக் கதவைப் பூட்டி வைக்கும் தலைமையாசிரியரைக் குறைசொல்வது எளிது. திங்கட்கிழமை காலை வகுப்பு வராந்தாவில் மதுப்புட்டிச் சில்லுகளைப் பொறுக்குகிறவர் அவர்தான். கழிப்பறைக் கதவு பெயர்ந்தால், மோட்டார் சுவிட்ச் காணாமல் போனால் மேலதிகாரிக்குப் பதில் சொல்கிறவரும் அவரே. பல பள்ளிகளில் இரவுக் காவலர் பணியிடம் இல்லை, இருந்தாலும் நிரப்பப்படவில்லை. பந்தல் போட்டு விழா நடத்துகிறவர்கள் முளைக்குழிகளை மூடாமல் போய்விடுவார்கள். அடுத்த நாள் ஓடும் பிள்ளையின் கணுக்கால் பிசகும். குழந்தைகளின் பாதுகாப்பு இவை எல்லாவற்றிலும் பெரிது. வெளியார் தடையின்றி வந்துபோகும் வளாகமாகப் பள்ளியை மாற்ற எந்தப் பெற்றோரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆனால் பள்ளி ஏற்கெனவே பொது இடமாகத்தான் இருக்கிறது. தேர்தலில் வாக்குச்சாவடி, வெள்ளத்தில் முகாம், ஞாயிற்றுக்கிழமை தேர்வு மையம், கொரோனா காலத்தில் தடுப்பூசிக் கூடம் எல்லாம் அதே வகுப்பறைகள்தான். அப்போதெல்லாம் சாவி எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது. பொறுப்பு யாருடையது என்று ஆணையில் எழுதியிருப்பதே காரணம்.

வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டவர்கள் கட்டட அமைப்பிலிருந்தே தொடங்கினார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கல்வி அதிகாரியாக இருந்த ஹென்றி மோரிஸ் 1924ல் கிராமக் கல்லூரி என்ற திட்டத்தை எழுதினார். பகலில் பள்ளி, மாலையில் பெரியவர்களுக்கு நூலகமும் கூடமும் என்பது அதன் சாரம். முதலாவது 1930ல் சாஸ்டனில் திறந்தது. சிங்கப்பூரில் கல்வி அமைச்சும் விளையாட்டு அமைப்பும் சேர்ந்து, பள்ளித் திடல்களையும் உள்ளரங்குகளையும் பள்ளி நேரத்துக்குப் பின் பொதுமக்களுக்குத் திறக்கின்றன. திடலுக்கும் வகுப்பறைக் கட்டடத்துக்கும் நடுவே வேலி. திடலுக்குச் சாலையிலிருந்து தனிவாசல். நம் ஊர்ப் பள்ளிகளில் பலவற்றுக்கு இந்த ஒரு கம்பிவேலியும் ஒரு சிறு கதவும் போட்டாலே சிக்கலில் பாதி தீரும்.

மீதிப் பாதி நிர்வாகம். அதற்கான அமைப்பு கையிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022ல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. திடல் திறக்கும் நேரம், மூடும் நேரம், சாவி வைத்திருப்பவர், அவருக்கு ஊராட்சி கொடுக்கும் ஊதியம் ஆகியவற்றை இக்குழு ஒரு தீர்மானமாக எழுதி, கிராம சபையில் படித்து, ஊராட்சியோடு ஒப்பந்தமாகக் கையெழுத்திடலாம். கையெழுத்து விழுந்த நாளிலிருந்து, மாலை நேரச் சேதத்துக்குத் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஊராட்சி சொல்லும். காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால்தான் பெண்கள் வருவார்கள். அதற்கு விளக்கும் திறந்த கழிப்பறையும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத திடல், பெயருக்குப் பொதுவாக இருந்தாலும் ஆண்களின் திடலாகவே முடியும். 2016ல் அறிவிக்கப்பட்ட 500 அம்மா பூங்காக்களிலும் 500 அம்மா உடற்பயிற்சிக் கூடங்களிலும் பின்னாளில் பூட்டிக் கிடந்தவை, பராமரிப்புக்கு ஆளும் தொகையும் குறிக்கப்படாததால் அந்நிலைக்கு வந்தவை.

செலவு பெரிதல்ல. மாலையில் மூன்று மணி நேரம் வரும் ஒரு பொறுப்பாளர், நான்கு எல்.இ.டி. விளக்கு, மாதம் ஒருமுறை முள் வெட்டி மண் சமன்செய்தல், கழிப்பறைத் துப்புரவு ஆகியவையே முக்கியச் செலவுகள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பள்ளியின் பில் ஏறி, அதை வைத்தே கதவு மறுபடி சாத்தப்படும். போட்டி நடத்தும் குழுக்களிடம் நாள்வாடகையும் முன்வைப்புத் தொகையும் வாங்கலாம். குழி மூடி, குப்பை அள்ளிய பிறகு முன்வைப்பைத் திருப்பித் தரலாம். தினம் வந்து ஆடும் பிள்ளைகளிடமும் நடக்கவரும் முதியவர்களிடமும் வாங்கக் கூடாது. நூலகப் பக்கத்துக்கு வரிப்பணம் ஏற்கெனவே வருகிறது. உள்ளாட்சிகள் வைத்திருக்கும் நூலக வரிப் பாக்கி ஆணைக்குழுவுக்கு முழுதாகச் சேர்ந்தால், ஊர்ப்புற நூலகத்தை வாடகைக் கட்டடத்திலிருந்து பள்ளியின் முன்பக்க அறைக்கு மாற்றி, சாலையைப் பார்த்து ஒரு வாசல் வைப்பதற்கு அந்தத் தொகை தாங்கும்.